கைட்டோசான் படலத்தில் இறால் புரதம்: இரண்டு ஆய்வகங்கள், இரண்டு முடிவுகள், எதை நம்புவது?

படலவார்ப்பு:

வணக்கம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்பட்ட, நீண்ட சர்க்கரைச் சங்கிலியான கைட்டோசானைக் கொண்டு, உணவோடு சேர்த்தே உண்ணத்தக்க மெல்லிய உறைகளை உருவாக்கும் சிறிய குழு ஒன்றில் பணிபுரிகிறேன். செய்முறை எளிமையானதுதான். 1 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசான் தூளைக் கரைத்து, படலம் நொறுங்காமல் வளைந்து கொடுப்பதற்காகக் கிளிசரால் சேர்த்து, தட்டில் ஊற்றி உலர்த்துகிறோம். ஓர் உறையின் எடை ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். அதைப் பிரித்து எறியாமல் அப்படியே உண்பார்கள் என்பதால், இறால் ஒவ்வாமை உள்ள ஒருவர் அதை உண்டால் என்ன ஆகும் என்ற கேள்வி தொடக்கத்திலேயே எங்களுக்கு எழுந்தது.

கைட்டோசான் தூளை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவர்கள் ஜெல்டால் முறையில் அளந்து, புரதம் 47 விழுக்காடு என்று அறிக்கை தந்தார்கள். அதைக் கண்டு அதிர்ந்துபோய், வார்த்த படலத்தை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவர்கள் இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளின் புரதத்தை, அதை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு தேடும் எலைசா சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தி, "அளவிடத்தக்க எல்லைக்குக் கீழ்" என்று எழுதிவிட்டார்கள். தூளில் பாதியளவு புரதம் என்கிறது ஒன்று, படலத்தில் எதுவுமே இல்லை என்கிறது மற்றொன்று. தூள் வழங்குநரின் சான்றிதழ், அசிட்டைல் நீக்கம் (ஓட்டிலுள்ள கைட்டின் எந்த அளவுக்குக் கைட்டோசானாக மாறியது என்பது) 85 விழுக்காடு, ஈரப்பதம் 10 விழுக்காடு என்று மட்டுமே சொல்கிறது. புரதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இவற்றில் எதை நம்புவது? எலைசா முடிவை வைத்துக்கொண்டு, "ஒவ்வாமைப் புரதம் கண்டறியப்படவில்லை" என்று உறையின் மேல் அச்சிடுவது சரியாகுமா? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஈரவேதியியல்:

முதலில் அந்த 47 விழுக்காட்டைப் பற்றிய அச்சத்தை விலக்கிவிடலாம், ஏனெனில் அது புரதமே அன்று. ஜெல்டால் முறை புரதத்தை அளப்பதில்லை. மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று பெயர் சூட்டுகிறது. நைட்ரஜன் எல்லாம் புரதத்திலிருந்தே வருகிறது என்ற ஊகம் கோதுமைக்கும் பாலுக்கும் ஓரளவு பொருந்தும். கைட்டோசானுக்கு அது அடியோடு பொருந்தாது, ஏனெனில் கைட்டோசானின் ஒவ்வொரு சர்க்கரை அலகிலும் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். அசிட்டைல் நீங்கிய அலகின் நிறை 161, நீங்காத அலகின் நிறை 203. 85க்கு 15 என்ற விகிதத்தில் சராசரி ஏறத்தாழ 167. ஆக, 14ஐ 167 ஆல் வகுத்தால் உலர்ந்த தூளில் நைட்ரஜன் 8.4 விழுக்காடு கிடைக்கும். 10 விழுக்காடு ஈரத்தைக் கழித்தால் அது 7.5 ஆகும், 6.25 ஆல் பெருக்கினால் 47. துளிப் புரதமும் இல்லாத தூய கைட்டோசானை அனுப்பியிருந்தாலும் அந்த ஆய்வகம் உங்களுக்கு இதே எண்ணைத்தான் தந்திருக்கும்.

பிற எளிய முறைகளும் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்கா. பிராட்ஃபோர்டு முறையில் பயன்படும் நீலச் சாயம் எதிர்மின்சுமை உடையது. நேர்மின்சுமை உடைய கைட்டோசானோடு அது தானே ஒட்டிக்கொள்ளும். செப்பு அயனியை ஒடுக்குவதை அடிப்படையாகக் கொண்ட முறைகளில் சர்க்கரைச் சங்கிலியின் முனைகள் குறுக்கிடும். மொத்தப் புரதம் எவ்வளவு என்று உண்மையாகவே தெரிய வேண்டுமானால், மாதிரியை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை செல்சியசில் 24 மணி நேரம் நீராற்பகுத்து, விடுபடும் அமினோ அமிலங்களை வண்ணப்பிரிகையால் ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும்படி கேளுங்கள். குளுக்கோசமீனும் விடுபடும் என்றாலும் அது தனி முகடாக விலகி நிற்கும். அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் போதும்.

எலைசா முடிவையும் அதற்காக நான் நம்பிவிடவில்லை. அது வேறு வகையில் பழுதுபட்டிருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. படலத்தை எதில் கரைத்து, அல்லது கரைக்காமல், புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள் என்று அறிக்கையில் குறிப்பு இருக்கிறதா?

---

எதிர்ப்பொருள்மேசை:

மேலே உள்ளவர் கேட்ட கடைசிக் கேள்விதான் இதன் மையம். உணவு ஒவ்வாமை ஆய்வில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இறால், நண்டு ஒவ்வாமையில் முதன்மைக் குற்றவாளி ட்ரோபோமயோசின் என்னும் தசைப்புரதம். அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 34 முதல் 38 கிலோடால்டன். ஆர்ஜினின் கைனேசு, மயோசின் இலகு சங்கிலி, தசைச்சாற்றில் கால்சியத்தைப் பிணைக்கும் புரதம் ஆகியவையும் பட்டியலில் உண்டு, என்றாலும் சந்தையில் கிடைக்கும் எலைசா பெட்டிகள் பெரும்பாலும் ட்ரோபோமயோசினையே தேடுகின்றன. அது கொதிக்க வைத்தாலும் சிதையாத, சுருண்ட இரட்டை இழை. ஓட்டில் இயல்பாகவே அது நிறைந்திருப்பதில்லை. உரித்த ஓட்டோடு ஒட்டிவரும் தசைத் துணுக்குகள்தான் அதன் வழி. ஆகவே ஒரு தொகுதித் தூளுக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருக்கலாம். ஓட்டை எவ்வளவு நன்றாகக் கழுவினார்கள், காரத்தில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பவற்றைப் பொறுத்தது அது.

இப்போது பிரித்தெடுப்புக்கு வருவோம். எலைசா பெட்டியோடு வரும் தாங்கல் கரைசல் (பி.எச். என்னும் அமில, கார அளவை மாறாமல் காப்பது) வழக்கமாக நடுநிலையை ஒட்டியோ சற்றே காரமாகவோ இருக்கும். கைட்டோசானோ பி.எச். 6.5க்குக் கீழே மட்டுமே கரையும். உங்கள் படலத்தை அந்தக் கரைசலில் போட்டால் அது ஊதிப்போய் மிதக்குமே தவிரக் கரையாது. படலத்தின் உள்ளே சிக்கிய புரதம் உள்ளேயே இருக்க, மேற்பரப்பிலிருந்து கசிந்ததை மட்டுமே எதிர்ப்பொருள் சந்திக்கும்.

சரி, அமிலத்தில் கரைத்துவிடலாமே என்றால், அங்கே வேறொரு வலை விரிந்திருக்கிறது. ட்ரோபோமயோசினின் நிகர மின்சுமை சுழியாகும் பி.எச். ஏறத்தாழ 4.5. கைட்டோசான் நன்றாகக் கரையும் அந்த வட்டாரத்தில்தான் ட்ரோபோமயோசின் கரைதிறனை இழந்து திரண்டு படிகிறது. பி.எச்.ஐ மேலே ஏற்றினால் புரதம் எதிர்மின்சுமை பெறுகிறது, ஆனால் அப்போதும் நேர்மின்சுமையோடு இருக்கும் கைட்டோசான் அதைப் பற்றிக்கொள்கிறது. இன்னும் ஏற்றினால் கைட்டோசானே திரண்டு, புரதத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காருகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் புரதம் கைக்குக் கிடைப்பதில்லை. கழிவுநீரிலிருந்து புரதத்தைத் திரட்டி நீக்குவதற்குக் கைட்டோசானையே ஒரு பொருளாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் தேர்ந்த பொருள் ஒன்றிலிருந்து, புரதம் தானாக இறங்கி வரும் என்று எதிர்பார்த்து அந்த அறிக்கை எழுதப்பட்டிருக்கிறது.

புரதக்காரர்கள் வழக்கமாகத் துணைக்கு அழைக்கும் எஸ்.டி.எஸ். என்னும் சலவைத்தன்மைப் பொருளும் இங்கே உதவாது. அது எதிர்மின்சுமை உடையது. கைட்டோசானோடு சேர்ந்து வெண்ணிறத் திரட்டாகப் படிந்துவிடும். நான் முதன்முறை இதைச் செய்தபோது குழாயில் தயிர் போல உறைந்து நின்றதைப் பார்த்துக் கரைசலைத் தவறாகக் கலக்கிவிட்டேன் என்றே எண்ணி, புதிதாகக் கலக்கி மறுபடியும் அதையே செய்தேன்.

செய்யத்தக்கவை எவை என்றால், கைட்டோசானேசு போன்ற நொதியால் சங்கிலியைச் சிறு துண்டுகளாக வெட்டிவிட்டு, பிறகு அரை மோலார் அளவிலோ அதற்கு மேலோ உப்புச் சேர்த்துப் பி.எச்.ஐ உயர்த்திப் பிரித்தெடுப்பது ஒரு வழி. சங்கிலி குறுகிவிட்டால் பிடிப்புத் தளர்ந்துவிடும். புரதத்தைவிட வலுவான எதிர்மின்சுமை உடைய பாலிஃபாஸ்பேட்டையோ டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டையோ போட்டிக்கு விட்டுப் புரதத்தை விடுவிக்க முயல்வது இன்னொரு வழி. இவற்றில் எது உங்கள் படலத்துக்குப் பொருந்தும் என்பதை ஏட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது, சோதித்தே அறிய வேண்டும்.

அந்தச் சோதனையைத்தான் ஆய்வகத்திடம் நீங்கள் வலியுறுத்த வேண்டும். அளவு தெரிந்த இறால் புரதத்தைப் படலக் கரைசலிலேயே கலந்து, உங்கள் வழக்கமான முறையில் வார்த்து, உலர்த்தி, அந்தப் படலத்தை ஆய்வுக்குக் கொடுங்கள். முடிந்த படலத்தின் மேல் புரதத்தைச் சொட்டுவிட்டு அளப்பது ஏமாற்று. அது கழுவினாலே வந்துவிடும். சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்ற மீட்பு விழுக்காடு, பகுப்பாய்வு முறைகளுக்குத் தரம் வகுக்கும் ஏ.ஓ.ஏ.சி. அமைப்பு ஒவ்வாமை எலைசாவுக்குத் தந்த வழிகாட்டலின்படி, கடினமான உணவுகளில் 50 முதல் 150 வரை இருந்தால் ஏற்கலாம். இந்த எண் இல்லாத வரையில், "எல்லைக்குக் கீழ்" என்ற முடிவு உங்கள் படலத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

---

படலவார்ப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆய்வகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். பெட்டியோடு வந்த தாங்கல் கரைசலில், பெட்டியின் கையேடு சொன்னபடியே, 60 பாகையில் 15 நிமிடம் குலுக்கியதாகச் சொன்னார்கள். படலம் கரைந்ததா என்று கேட்டதற்கு, கரையவில்லை, வடிகட்டிவிட்டோம் என்று விடை வந்தது. மீட்புச் சோதனை செய்யவில்லை.

இரண்டு துணைக்கேள்விகள். மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறை இதைவிட நுட்பமானது என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார், அதற்கு மாறலாமா? அடுத்து, உற்பத்தித் தளத்திலேயே சில நிமிடங்களில் முடிவு தரும் சோதனைப் பட்டைகளை நம்பலாமா?

---

நிறைமானியர்:

பி.சி.ஆர். வேண்டாம். ஓட்டிலுள்ள கைட்டின், கைட்டோசானாக மாறும் வழியில் அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கம், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் புரத நீக்கம், பின்னர் 40 முதல் 50 விழுக்காட்டுச் செறிவுள்ள சூடான காரத்தில் அசிட்டைல் நீக்கம் என்று மூன்று கட்டங்களைக் கடக்கிறது. அந்தப் பயணத்தில் டி.என்.ஏ. சிதைந்துவிடும், எஞ்சியதும் எதிர்மின்சுமையால் கைட்டோசானோடு ஒட்டிக்கொள்ளும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் புரதத்தைப் பற்றி அதிலிருந்து முடிவுக்கு வர இயலாது.

பட்டைகளில் பெரும்பாலும் நிறம் தருவது தங்க நுண்துகள்கள். அவற்றின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையதாக இருப்பது வழக்கம். கைட்டோசான் கலந்த சாற்றை விட்டால் துகள்கள் திரண்டு தொடக்கத்திலேயே நின்றுவிடலாம், அல்லது கோடு அல்லாத இடமெல்லாம் சிவக்கலாம். சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தெளிவாக வரவில்லை என்றால் அந்தப் பட்டையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். படலம் வார்த்த மேசையைத் துடைத்துப் பார்ப்பதற்கு, அதாவது அதே கூடத்தில் தயாராகும் வேறு உறைகளுக்கு இறால் புரதம் தொற்றுகிறதா என்று அறிய, பட்டைகள் பயன்படக்கூடும். அதற்கும் துடைத்த கரைசலில் கைட்டோசான் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்பொருள்மேசை சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். பிரித்தெடுப்பு வெற்றி பெற்றாலும், அந்தப் புரதம் எந்த உருவத்தில் வெளியே வருகிறது என்பது தனிக் கேள்வி. சூடான காரத்தில் புரதம் துண்டாகிறது, சில அமினோ அமிலங்கள் இடவலம் மாறுகின்றன, லைசினும் செரினின் எச்சமும் இணைந்து லைசினோஅலனின் உருவாகிறது. இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு இடையே புரதத்தைப் பிடிக்கும் அடுக்குவகை எலைசாவில், இரண்டும் பற்றுவதற்கு ஏற்ற இரண்டு இடங்கள் ஒரே துண்டில் இருந்தாக வேண்டும். குறுகிய துண்டுகள் நழுவிவிடும். போட்டிவகை எலைசாவுக்கு ஓர் இடமே போதும் என்பதால், இப்படிப்பட்ட கடும் செயல்முறையைக் கடந்த பொருளுக்கு அதுவே பொருத்தம். நோயாளியின் உடலில் உள்ள எதிர்ப்பொருளோ, ட்ரோபோமயோசினில் நேர்க்கோட்டுத் தொடர்களாக அமைந்த பல இடங்களை அடையாளம் காண்கிறது. புரதம் உருக்குலைந்தாலும் அந்தத் தொடர்களில் சில பிழைத்திருக்கலாம். பெட்டியின் எதிர்ப்பொருள் காணாததை நோயாளியின் எதிர்ப்பொருள் காணக்கூடும் என்பதுதான் அச்சம்.

இந்த இடத்தில், மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி, திரவ வண்ணப்பிரிகையோடு இணைந்து உதவும். டிரிப்சின் என்னும் நொதியால் புரதத்தை வெட்டி, இறால் ட்ரோபோமயோசினுக்கே உரிய சில பெப்டைடுகளை (குறுகிய புரதத் துண்டுகளை) தேடி, கன ஐசோடோப்பு சேர்த்த அதே பெப்டைடுகளை அளவுகோலாக வைத்து அளப்பார்கள். எலைசாவில் உள்ள ஒரு குழப்பம் இதில் இல்லை: பூச்சிகளிலும் வீட்டுத்தூசி உண்ணியிலும் உள்ள ட்ரோபோமயோசின் இறாலுடையதை மிகவும் ஒத்திருப்பதால், தானிய மாவில் உண்ணி இருந்தாலும் எலைசா இறால் என்று கூவிவிடும், பெப்டைடைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நிறைமானி அப்படி ஏமாறாது.

ஆனால் இதற்கும் குருட்டுப்புள்ளி உண்டு. டிரிப்சின் வெட்டுவது லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றின் பக்கத்தில். காரத்தில் லைசின் உருமாறியிருந்தால் அங்கே வெட்டு விழாது, தேடும் பெப்டைடும் பிறக்காது. படலத்துக்கு வலுவூட்ட ஜெனிபினோ குளுட்டரால்டிஹைடோ போன்ற குறுக்குப் பிணைப்பான்களைச் சேர்க்கிறீர்களா? சேர்த்தால் லைசின் இன்னும் அதிகமாகக் கட்டுண்டுபோகும். ஆகவே ஒரே பெப்டைடை நம்பாமல் மூன்று நான்கைத் தேடச் சொல்லுங்கள். தூளையும் படலத்தையும் தனித்தனியே ஆராயச் சொல்லுங்கள். தூளில் இருந்து படலத்தில் மறைந்தால், மறைந்தது புரதமா அல்லது உங்கள் பார்வையா என்பது அப்போதுதான் தெரியும்.

---

லேபிள்வாசகர்:

நான் ஆய்வகத்தைச் சேர்ந்தவன் அல்லன்; உணவு லேபிள் விதிகளோடு புழங்குபவன். மேலே நடந்த உரையாடல் அனைத்தும் பயனுள்ளது என்றாலும், அச்சிடலாமா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை.

உண்ணத்தக்க உறை என்பது உண்ணப்படுவதால் உணவுதான், அதில் உள்ளது உட்பொருள்தான். பொதியப்பட்ட உணவுகளின் லேபிள் பற்றிய, பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் பொதுத்தரம், அறிவிக்கப்பட வேண்டிய பொருள்களில் ஓட்டுடலிகளையும் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குமுறை, "ஓட்டுடலிகளும் அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருள்களும்" என்றே சொல்கிறது. அதே இணைப்பில் மீனுக்கு, சோயாவுக்கு, கோதுமைக்கு என்று சில விலக்குகள் தரப்பட்டிருக்கின்றன. எடுத்துக்காட்டாக, வைட்டமின்களைத் தாங்கும் பொருளாகப் பயன்படும் மீன் ஜெலட்டினுக்கு விலக்கு உண்டு. ஓட்டுடலிகளுக்கு அப்படி ஒரு விலக்கும் இல்லை. அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், புரதம் உள்ள உட்பொருள் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. உயர்நிலையில் தூய்மைப்படுத்திய எண்ணெய்க்கு நேரடி விலக்கு தந்துவிட்டு, மற்றவற்றுக்கு அரசு அமைப்பிடம் சான்றுகளோடு விண்ணப்பித்தோ அறிவித்தோ விலக்குப் பெறச் சொல்கிறது. எலைசா அறிக்கை ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டு உங்களுக்கு நீங்களே விலக்கு அளித்துக்கொள்ள இவற்றில் எதிலும் வழியில்லை. மூலப்பொருள் இறால் என்றால் "இறால்" என்று எழுதுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பொதிந்த உணவில் இறால் இல்லை, உறையில் மட்டும் இருக்கிறது என்னும்போது, ஒவ்வாமை உள்ளவர் உணவின் பெயரைப் பார்த்து அமைதியடைந்துவிடுவார். இனிப்பையோ பழத்தையோ சுற்றியிருக்கும் கண்ணாடி போன்ற தாளில் இறாலைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. உட்பொருள் பட்டியலின் கடைசி வரியில் "கைட்டோசான்" என்று மட்டும் எழுதுவது அவருக்கு எந்த எச்சரிக்கையும் தராது. அச்சொல்லைக் கேட்டு இறாலை நினைப்பவர்கள் இந்த இழையில் எழுதுபவர்கள் மட்டுமே.

---

ஈரவேதியியல்:

எப்படியும் "இறால்" என்று எழுதியாக வேண்டும் என்றால், இவ்வளவு செலவு செய்து அளப்பது எதற்கு? எழுதிவிட்டு வேலையைப் பார்க்கலாமே. 2021இல் கூடிய உணவு வேளாண் அமைப்பு, உலகச் சுகாதார அமைப்பு ஆகியவற்றின் கூட்டு வல்லுநர் குழு, இறாலுக்கான குறிப்பு அளவை 200 மில்லிகிராம் புரதம் என்று பரிந்துரைத்தது. நிலக்கடலைக்கு 2 மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டால் இது தாராளம். 2 கிராம் உறையில் அரை விழுக்காடு புரதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 10 மில்லிகிராம்தான் வருகிறது.

---

எதிர்ப்பொருள்மேசை:

கணக்கு சரி, அதைப் பயன்படுத்திய இடம் சரியில்லை. அந்த 200 மில்லிகிராம், தற்செயலாகக் கலந்துவிடும் புரதத்துக்கு முன்னெச்சரிக்கை வரி தேவையா என்று முடிவெடுப்பதற்காகச் சொல்லப்பட்டது; வேண்டுமென்றே சேர்க்கும் உட்பொருளை மறைப்பதற்கு அன்று. அந்த அளவிலும் ஒவ்வாமை உள்ளவர்களில் 5 விழுக்காட்டினர் வரை எதிர்வினை காட்டலாம் என்பதே அதன் பொருள். மேலும் அது இறால் இறைச்சியின் மொத்தப் புரதத்தில் சொல்லப்பட்ட எண். கைட்டோசானில் எஞ்சியிருக்கும் புரதத்தின் சேர்மானம் இறைச்சியின் சேர்மானம் அன்று: அதில் பெரும்பகுதி ஓட்டுக்கே உரிய, ஒவ்வாமைக்குப் பெரிதும் தொடர்பில்லாத புரதமாக இருக்கலாம், அல்லது ஒட்டிய தசையாக இருக்கலாம். ட்ரோபோமயோசினை அளந்து இறைச்சிக்கான பெருக்கெண்ணால் மொத்தப் புரதமாக மாற்றினால் கிடைப்பது கற்பனை எண்.

உங்கள் 10 மில்லிகிராமையே வேறு கோணத்தில் பாருங்கள். 2 கிராமில் 10 மில்லிகிராம் என்றால் அது 5000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 5000 பங்கு. சில பி.பி.எம். அளவையே காணும் எலைசா, 5000 பி.பி.எம். புரதம் இருக்கும் படலத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடுமானால், காரணம் இரண்டில் ஒன்று: அது ஒவ்வாமைப் புரதம் அன்று, அல்லது முறைக்குக் கண் தெரியவில்லை. இரண்டையும் பிரித்தறியத்தான் அளக்க வேண்டும்.

மருத்துவப் பக்கத்தில் சான்றுகள் இரு திசையிலும் உள்ளன. கைட்டோசான் காயக்கட்டுகளை இறால் ஒவ்வாமை உள்ள சிலரின் தோலில் வைத்துப் பார்த்த சிறு ஆய்வில் எதிர்வினை எழவில்லை. மறுபுறம், கைட்டோசான் துணையுணவை உட்கொண்டபின் தீவிர ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்ட நேர்வு ஒன்று 2005இல் ஜப்பானிய மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஒன்றில் தூய்மையான தூள், மற்றொன்றில் எப்படிப்பட்ட தூள் என்பதுதான் வேறுபாடாக இருக்கக்கூடும். உங்கள் தூள் இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வொரு தொகுதிக்கும் அறிந்திருப்பது தேவையற்ற செலவு என்று நான் நினைக்கவில்லை.

இறாலே வேண்டாம் என்றால், *ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்* பூஞ்சையிலிருந்தோ வெண்காளானிலிருந்தோ எடுத்த கைட்டோசான் இருக்கிறது. படலத்தின் வலு மாறும், விலையும் மாறும். அதையும் எண்ணிப் பாருங்கள்.

---

படலவார்ப்பு:

ஒரு மாதத்துக்குப் பின் திரும்பி வருகிறேன். சொன்னபடியே செய்தோம்.

அமினோ அமில ஆய்வில் தூளில் புரதம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தெரிந்தது; 47 விழுக்காட்டு அச்சம் தீர்ந்தது. பிறகு, அளந்த இறால் சாற்றைக் கரைசலில் கலந்து ஒரு படலம் வார்த்து, வழக்கமான படலத்தோடு சேர்த்து, எது எது என்று சொல்லாமல் ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். பெட்டியின் தாங்கல் கரைசலில் இரண்டுமே ஒன்று போலவே "எல்லைக்குக் கீழ்" என்று வந்தன. நாங்களே கையால் கலந்த புரதத்தை அந்த முறை காணவில்லை. கைட்டோசானேசு கொண்டு வெட்டி, உப்புக் கரைசலில் எடுத்த பின் கலந்த படலம் தெளிவாகத் தெரிந்தது. அத்தோடு, இதுவரை சுத்தம் என்று நாங்கள் நம்பியிருந்த வழக்கமான படலமும் எல்லைக்கு மேல் வந்து நின்றது. மிகக் குறைவுதான், ஆனால் இருக்கிறது. கலந்த படலத்தின் மீட்பு இன்னும் 50ஐ எட்டவில்லை என்பதால், எவ்வளவு என்று சொல்லும் நிலையில் இல்லை.

உறையின் முன்பக்கத்தில், பொருளின் பெயருக்குக் கீழேயே, "இந்த உறை இறால் ஓட்டிலிருந்து செய்யப்பட்டது" என்று அச்சிடப் போகிறோம். எலைசா அறிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இராது. நிறைமானி ஆய்வுக்கும் மாதிரி அனுப்பியிருக்கிறோம். குறுக்குப் பிணைப்பான் எதுவும் நாங்கள் சேர்ப்பதில்லை.

---

எதிர்ப்பொருள்மேசை:

நல்ல செய்தி. மீட்பு 50ஐ எட்டாததற்குக் காரணம் பிடிப்பாக இல்லாமல் நொதியாகவே இருக்கக்கூடும். கைட்டோசானேசு எங்கிருந்து வாங்கினீர்கள்? *ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ்* போன்ற நுண்ணுயிரிலிருந்து எடுத்த, முழுவதும் தூய்மையாக்கப்படாத நொதியில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளும் கூடவே வரும். கைட்டோசானை வெட்டும்போதே நீங்கள் தேடும் ட்ரோபோமயோசினையும் அது தின்றுகொண்டிருக்கும். கைட்டோசான் இல்லாமல், இறால் சாற்றையும் நொதியையும் மட்டும் அதே நேரம், அதே வெப்பத்தில் வைத்து அளந்து பாருங்கள். குறைந்தால் குற்றவாளி அதுதான். மலிவாகக் கிடைக்கிறது என்று முட்டை லைசோசைமுக்கு மாறிவிடாதீர்கள். அது கைட்டோசானை ஓரளவு வெட்டும், ஆனால் அதுவே ஒரு முட்டை ஒவ்வாமையூக்கி. அதே மேசையில் நாளை முட்டைக்கான எலைசா நடந்தால் ஆய்வகத்தார் உங்களைத் தேடி வருவார்கள்.

---

படலவார்ப்பு:

நொதிப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். *ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ்* என்றே எழுதியிருக்கிறது. தூய்மையைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. கைட்டோசான் இல்லாத சோதனையைத் திங்கட்கிழமை தொடங்குகிறோம்.